கணிதத்தில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன், நிதித்துறை தெரியாது. குவாண்ட் வேலை இன்டர்வியூவுக்கு மூன்று மாதத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் இன்னும் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். இணையத்தில் கிடைத்த முந்நூறு புதிர்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தால் போதுமா? எஃப்ஆர்எம் என்ற நிதி ரிஸ்க் மேலாண்மைச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? மும்பையில் ஒரு வங்கியின் குவாண்ட் குழுவில், அதாவது நிதிக் கணக்குகளுக்குக் கணித மாடல் போடும் குழுவில், வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: முந்நூறு வேண்டாம். முப்பதை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அடிவரை தோண்டுங்கள்.

அதற்கு முன்னால் எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். குவாண்ட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. பெங்களூரில் கோல்ட்மன் சாக்ஸ், மும்பையில் மார்கன் ஸ்டான்லி மாதிரியான வங்கிகளில் டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு) விலை போடும் மாடல்களை எழுதுகிறார்கள். அங்கே ஸ்டொகாஸ்டிக் கால்குலஸும் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்) சி பிளஸ் பிளஸும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குருகிராமில் டவர் ரிசர்ச், கிராவிட்டான் போன்ற டிரேடிங் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நிகழ்தகவு, புள்ளியியல், கோடிங், வேகம். மூன்றாவது வகையைப் பற்றி மாணவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை: மாடல் வேலிடேஷன், அதாவது மாடலைச் சரிபார்க்கும் வேலை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-இல் எஸ்ஆர் 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. மாடலை உருவாக்கியவர்களைச் சாராத ஆட்கள் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். அந்த வேலை இந்தியாவில் நிறைய நடக்கிறது. அங்கே "இந்த மாடலில் எந்த அனுமானம் முதலில் உடையும்?" என்பதுதான் கேள்வி. கணிதம் படித்து, நிதி தெரியாமல் வருபவர்களுக்கு அது நல்ல வாசல் என்பது என் கருத்து.

சரி, ஒரு புதிரை அடிவரை தோண்டுவது என்றால் என்ன? மிகப் பழைய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். தலை-தலை என்று அடுத்தடுத்து வரச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை-பூ வர எத்தனை முறை?

தொடக்கத்திலிருந்து ஆகும் சராசரியை அ என்றும், கடைசியாக ஒரு தலை விழுந்திருக்கும் நிலையில் இன்னும் ஆகும் சராசரியை ஆ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தலை-தலைக்கு: அ = 1 + அ/2 + ஆ/2. அடுத்து தலை விழுந்தால் முடிந்தது, பூ விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. எனவே ஆ = 1 + அ/2. தீர்த்தால் அ = 6. தலை-பூவுக்கு முதல் சமன்பாடு அதேதான். இரண்டாவது மட்டும் ஆ = 1 + ஆ/2 என்று மாறுகிறது. விடை 4.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். விடை 6, 4 என்பது எல்லோருக்கும் மனப்பாடம், அதைச் சொல்வதால் எங்களுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. அடுத்த கேள்வி இப்படி வரும்: எந்த இரண்டு அடுத்தடுத்த சுண்டலிலும் இரண்டுக்கும் வாய்ப்பு கால்தானே, பிறகு சராசரி ஏன் வேறுபடுகிறது? தலை-பூவைத் தேடும்போது பூவுக்குப் பதில் தலை விழுந்தால் நஷ்டமில்லை, அந்தத் தலையே புதிய தொடக்கமாகிவிடும். தலை-தலையில் ஒரு பூ விழுந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். இதைச் சமன்பாடு இல்லாமல் வாயால் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் இன்னொன்று கேட்போம். இரண்டும் போட்டி போட்டால் எது முதலில் வரும்? சராசரி 6, 4 என்று பார்த்தவர்கள் தலை-பூதான் ஜெயிக்கும் என்று உடனே சொல்வார்கள். ஆனால் போட்டி சரிசமம். முதல் தலை விழும்வரை இரண்டுமே நகரவில்லை, அது விழுந்ததும் அடுத்த ஒரு சுண்டலில் முடிவு தெரிந்துவிடும். பூ-தலையும் தலை-தலையும் மோதினால்? முதல் இரண்டும் தலையாக விழுந்தால் மட்டுமே தலை-தலை ஜெயிக்கும். நடுவில் ஒரு பூ வந்துவிட்டால் அடுத்த தலையிலேயே பூ-தலை முந்திக்கொள்ளும். எனவே பூ-தலைக்கு முக்கால் வாய்ப்பு. இப்படி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரு மாலை முழுக்கச் செலவழித்தால், நிபந்தனை எதிர்பார்ப்பு (இதுவரை நடந்ததை வைத்து எடுக்கும் சராசரி) என்ற கருவி கைக்குப் பழகிவிடும். பகடை, சீட்டு, சூதாடியின் திவால் என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அதே கருவிதான்.

பகடைக் கேள்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நேராக நிதிக்குள் அழைத்துப் போகும். பகடையில் விழும் எண்ணைப் பணமாகத் தருவார்கள். பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். ஆட்டத்தின் மதிப்பு என்ன? மறு உருட்டலின் சராசரி 3.5. எனவே 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதை விட வேண்டும். மதிப்பு 4.25. மொத்தம் மூன்று உருட்டல் என்றால், முதலில் 5, 6 விழுந்தால் மட்டும் நிறுத்த வேண்டும், மதிப்பு 14/3. 'இப்போது கிடைப்பது எவ்வளவு, காத்திருந்தால் கிடைப்பது எவ்வளவு' என்று கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தோம் அல்லவா? ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை. கெடு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய அமெரிக்கன் ஆப்ஷனுக்கு விலை போடுவதும் இதே முறையில்தான். இதைக் கண்டுகொள்கிற கணித மாணவருக்கு நிதி அந்நியமாகத் தெரியாது.

நிதியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு சின்ன உதாரணம். பங்கின் இன்றைய விலை 100. நாளை 90 சதவீத வாய்ப்பில் 120, 10 சதவீத வாய்ப்பில் 80. வட்டி இல்லை. 100 ஸ்ட்ரைக் உள்ள கால் ஆப்ஷனின், அதாவது நாளை பங்கை 100-க்கு வாங்கும் உரிமையின், விலை என்ன? கணித மாணவர்கள் 20-ஐ 0.9-ஆல் பெருக்கி 18 என்பார்கள். சரியான விடை 10. அரைப் பங்கை 50 ரூபாய்க்கு வாங்குங்கள், அதில் 40 ரூபாய் கடன். விலை ஏறினால் 60-இல் கடன் போக 20, இறங்கினால் 40-இல் கடன் போக பூஜ்யம். ஆப்ஷன் தருவதும் அதேதான், கைக்காசோ 10 மட்டும். 90 சதவீதம் என்ற தகவல் கணக்கில் எங்குமே நுழையவில்லை. அது ஏன் என்று நன்றாக யோசியுங்கள். 1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் கொண்டுவந்த ஆப்ஷன் விலைச் சூத்திரத்தின் உயிரே இந்த யோசனைதான். இது புரியாமல் ஸ்டொகாஸ்டிக் கால்குலஸின் அடிப்படை விதியான ஈட்டோவின் துணைத்தேற்றத்தை மனப்பாடம் செய்து வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அத்தனை உழைப்பும் வீணாகிறதே என்று.

கூடவே புட்-கால் பேரிட்டி (விற்கும், வாங்கும் உரிமைகளின் விலைகளுக்கு இடையிலான தொடர்பு), டெல்டா (பங்கு விலை மாறினால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும்), காமா (அப்போது டெல்டா எவ்வளவு மாறும்), டிவிடெண்ட் இல்லாத பங்கின் அமெரிக்கன் கால் ஆப்ஷனை ஏன் முன்கூட்டியே பயன்படுத்தக் கூடாது என்பது, இவ்வளவும் தெரிந்தால் ஆரம்பநிலைக்குப் போதும். மனக்கணக்காக ஒன்று: ஸ்ட்ரைக்கும் பங்கு விலையும் சமமாக உள்ள ஆப்ஷனின் விலை ஏறக்குறைய 0.4 × பங்கு விலை × வோலட்டிலிட்டி (ஓராண்டில் விலை ஏறி இறங்கும் அளவு) × காலத்தின் வர்க்கமூலம். 100 ரூபாய், 20 சதவீதம், ஓராண்டு என்றால் சுமார் 8. இந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 2π-இன் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் வருவது அது.

புள்ளியியலில் ரிக்ரெஷன் (தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிப்பது) கட்டாயம். தரவின் ஒவ்வொரு வரியையும் இரட்டித்தால் என்ன ஆகும் என்பது நல்ல கேள்வி: கெழுக்கள் மாறாது, ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறாது, ஸ்டாண்டர்டு எரர் (கெழுவில் இருக்கும் நிச்சயமின்மை) மட்டும் ஏறக்குறைய இரண்டின் வர்க்கமூலத்தால் சுருங்கும், அதாவது இல்லாத நம்பிக்கை வந்துவிடும். கோடிங்குக்குப் பைதான் போதும் என்றால் நம்பை (NumPy) என்ற அதன் கணக்கு நூலகத்தில் லூப் இல்லாமல் எழுதப் பழகுங்கள். டிரேடிங் நிறுவனங்களுக்கு மட்டும் மனக்கணக்குத் தனியாக வேண்டும். 8 நிமிடத்தில் 80 கணக்கு, கால்குலேட்டர் கிடையாது என்ற வடிவம் அங்கே பிரபலம். தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ரெஸ்யூமேயில் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மான்டி கார்லோ முறையில் ஆப்ஷன் விலை" (தற்செயலான பல விலைப் பாதைகளை உருவாக்கிச் சராசரி எடுப்பது) என்று எழுதினால், பிழை பாதியாகக் குறைய எத்தனை மடங்கு பாதைகள் வேண்டும் என்று கேட்போம். நான்கு மடங்கு என்று சொன்னவுடன், அத்தனை பாதைகள் இல்லாமலே பிழையைக் குறைக்க வழி இருக்கிறதா என்போம். அங்கே தடுமாறினால், அதுவரை புதிர்களில் வாங்கிய நல்ல பெயர் கெட்டுவிடும்.

விடை தெரிந்தாலும் பேசிக்கொண்டே போடுங்கள். தமிழில் யோசிப்பது நல்லதுதான், ஆனால் பலகை முன்னால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். நண்பர் ஒருவரை உட்கார வைத்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிப் பழகுங்கள். அவருக்கு நிதி தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது.

எஃப்ஆர்எம் பற்றி: இந்த மூன்று மாதத்தில் வேண்டாம். ரிஸ்க் அல்லது வேலிடேஷன் குழுவில் சேர்ந்த பிறகு எழுதலாம், அப்போது பாடங்களும் எளிதாகப் புரியும். மாடல் எழுதும் வேலைக்கோ டிரேடிங் நிறுவனத்துக்கோ அதனால் பெரிய பலன் கிடையாது. அந்த நேரத்தை மேலே சொன்ன 18, 10 கணக்கைப் பல படிகளுக்கு நீட்டி, பைதானில் எழுதி, படிகளைக் கூட்டக் கூட்ட விடை பிளாக்-ஷோல்ஸ் விலையை நெருங்குகிறதா என்று பார்ப்பதில் செலவழியுங்கள். ரெஸ்யூமேயில் தைரியமாக எழுதக்கூடிய முதல் வரி அதுவாக இருக்கட்டும்.