தண்ணி லாரி வரவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆல் இந்தியா ரேடியோவின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சரோஜ் நாராயணசாமி மாதிரி என் அப்பா இன்றைக்கும் பேசிக் காட்டுவார். கட்டுரை வந்த அதே வாரம் எங்கள் ஏரியாவில் ஒரு சாவு. கேபிளில் லோக்கல் சேனல் என்று ஒன்று வருமே, அதில் பல வருடம் செய்தி வாசித்தவர். அவரே கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார், அவரே எழுதுவார், சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு அவரே உட்கார்ந்து வாசிப்பார். எடுக்கும்போது முப்பது பேர் இருந்திருந்தால் அதிகம். “ஏரியா குரூப்ல எல்லாம் உடனே வந்துடுதே, அப்புறம் என்ன?” என்றான் பக்கத்து வீட்டுப் பையன். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இவரைப் போன்றவர்களுக்கு ஒலிபரப்பு வரலாற்றில் இடம் உண்டா, இல்லை இது என் பழைய நினைப்பு மட்டும்தானா?

ர.,
வியாசர்பாடி

அன்புள்ள ர.,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் பேசிய பூர்ணம் விஸ்வநாதன், சரோஜ் நாராயணசாமி இருவருமே டெல்லியில் உட்கார்ந்து வாசித்தவர்கள். நமக்குச் செய்தி என்பதே அங்கிருந்து வருவது என்கிற பழக்கத்தில் நானும் எழுதிவிட்டேன். சென்னையின் கதை அப்படித் தொடங்கவில்லை.

இங்கே ரேடியோவைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் சில ஆர்வலர்களும் சேர்ந்து 1924இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். ஒரு குண்டு பல்புக்குப் போதும். மூன்று வருடத்தில் கையில் காசில்லாமல் கிளப் மூடப்பட்டது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. குப்பை அள்ளுகிற, தெருவிளக்குப் போடுகிற அதே மாநகராட்சிதான். மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் காற்று வாங்க வந்த இடத்தில் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் திறந்த பிறகுதான் அது நின்றது. ஆக இந்த ஊரில் உள்ளூர் ஒலிபரப்பு பெரிய ரேடியோவுக்கு அண்ணன். உங்கள் ஏரியாக்காரர் அந்த வீட்டுப் பிள்ளை.

அவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் அயனாவரத்தில் ஒருவர், அவரும் லோக்கல் சேனல்காரர்தான். கேபிள் கண்ட்ரோல் ரூம் மாடிப்படிக்குக் கீழே. பின்னால் நீலத் திரைச்சீலை, மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா. செய்தி பாதி, விளம்பரம் பாதி. கவுன்சிலருக்குப் பிறந்தநாள் என்றால் அன்றைக்குப் பொன்னாடைதான் முழுச் செய்தியும். அதை மறைத்து அவரை மகானாக்க வேண்டாம். கீழே ஓடும் எழுத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் காசு வாங்கிப் போட்டதுதான்.

ஆனால் 2003, 2004 உங்களுக்கு நினைவிருக்கும். ஏரிகள் வறண்டு, குழாயில் காற்று மட்டும் வந்த காலம். வீராணம் ஏரித் தண்ணீர் இன்னும் சென்னைக்கு வந்து சேரவில்லை. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்பதை வைத்துத்தான் வீட்டில் சமையல், குளியல், வேலைக்குக் கிளம்புவது எல்லாமே. இந்த மனிதர் தினமும் மத்தியானம் டிவிஎஸ் 50இல் ஒரு சுற்று போவார். சட்டைப் பையில் நீளவாக்கில் மடித்த நாற்பது பக்க நோட்டு. டிரைவரிடம் கேட்பார், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் கேட்பார், தெருப் பெயரைக் குறித்துக்கொள்வார். ராத்திரி எட்டரைக்கு வாசிப்பார்: “இரண்டாவது தெருவுக்கு விடியற்காலை நாலு மணி என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்றும் நாலு மணி என்றுதான் சொன்னார்கள். வரவில்லை.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நாங்கள் பார்த்தோம். வரும் என்பதை யாரும் சொல்லலாம். வரவில்லை என்று சொல்ல, நாலு மணிக்கு ஒருவர் அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.

இப்படி உள்ளூர்ச் செய்தி வாசிப்பது சட்டத்திலும் ஒரு விசேஷமான இடம். கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய தனியார் எஃப்எம் நிலையம் இந்த நாட்டில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். மழை, டிராஃபிக், மின்தடை, குடிநீர் போன்றவற்றைச் செய்தி என்று எண்ணாமல் விட்டிருக்கிறார்கள். அதிலும் மின்சாரம், தண்ணீர் அறிவிப்பெல்லாம் உள்ளூர் நிர்வாகம் கொடுக்கிறபடி சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தும் சின்ன ரேடியோவான சமுதாய வானொலிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம்தான் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அந்த வகை நிலையத்துக்கு அனுமதி 100 வாட் அளவில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். உடல்நலம், சுயதொழில், பெண்கள் பிரச்சினை என்று நல்ல காரியங்கள் செய்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெருவுக்கு லாரி வராததைத் தானே விசாரித்துச் செய்தியாக வாசிக்க அவர்களுக்கு வழியில்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் வாசித்தார். துணிச்சல் கொஞ்சம், அவரை யாரும் கவனிக்காதது மீதி.

ஒரு நாள் அவரும் தப்பு செய்தார். மூன்றாவது தெரு என்பதற்குப் பதில் மூன்றாவது குறுக்குத் தெரு என்று வாசித்துவிட்டார். குறுக்குத் தெருக்காரர்கள் மூன்றரைக்கே எழுந்து காத்திருந்தார்கள். லாரி எங்கோ போய் ஊற்றிவிட்டுப் போனது. காலையில் அவர் ஷட்டரைத் தூக்க வந்தபோது வாசலில் குடங்கள். பச்சை, சிவப்பு, நீலம், வரிசையாக, எல்லாம் காலி. பக்கத்தில் ஆளே இல்லை. அவர் ஒரு குடத்தையும் நகர்த்தவில்லை. எங்கெங்கோ பேசி, மத்தியானத்துக்குள் ஒரு பிரைவேட் டேங்கரைக் கொண்டுவந்து நிறுத்தினார், சொந்தக் காசில். அன்று ராத்திரி செய்தியின் முதல் வரி, “நேற்று நான் தவறாக வாசித்தேன்.”

உங்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். குரூப்பில் வருவது வேகமாக வருகிறது, சரி. தப்பாக இருந்தால் அந்தக் குடத்தைக் கொண்டுபோய் யார் வாசலில் வைப்பது? 2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878இலிருந்து வந்துகொண்டிருந்த தி இந்துவே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. ஏரி உடைந்துவிட்டது என்று அந்த ஒரு வாரத்தில் என் போனுக்கு வந்த மெசேஜுக்குக் கணக்கில்லை. அனுப்பியவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். கேட்டால் ஒரே பதில், “எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்.”

ஆனாலும் லோக்கல் சேனலை வாட்ஸப் ஒழித்தது என்று நீங்களும் நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. பழைய கேபிளில் ஒரு வி.சி.ஆரும், படத்தைக் கேபிள் சிக்னலாக மாற்றும் ஒரு மாடுலேட்டரும் இருந்தால் காலியாக இருக்கும் சேனலில் உங்கள் படத்தை ஏற்றிவிடலாம். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனலுக்கு மட்டும் செட்டாப் பாக்ஸ் என்று வந்தபோதும் இலவசச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே தெரிந்தன. லோக்கல் சேனலும் அந்தக் கூட்டத்தில் தப்பித்தது. பிறகு எல்லாமே டிஜிட்டல் ஆனதும், படம் எங்கோ ஓரிடத்தில் பூட்டப்பட்டு வந்தது. தெருவில் இருக்கும் கேபிள்காரர் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. சேனலில் இடம் வேண்டுமென்றால் பெரிய கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். காதுகுத்து விளம்பரத்தில் அதெல்லாம் கட்டுப்படியாகாது. அயனாவரத்துக்காரர் இப்போது அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நீலத் திரைச்சீலை இன்னும் இருக்கிறது, பாஸ்போர்ட் போட்டோவுக்கு.

இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இவர்கள் செய்ததில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை. ஒரே கேசட்டில் மறுபடி மறுபடி பதிவார்கள், நேற்றைய செய்தி இன்றையதற்குக் கீழே போய்விடும். அதனால் அஞ்சலிக் கூட்டம், தெருவுக்குப் பெயர் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். காரியம் முடிந்ததும் அவர் வீட்டில் மெதுவாகக் கேளுங்கள், பரணில் கேசட் ஏதும் இருக்கிறதா, நோட்டு இருக்கிறதா என்று. பழைய பேப்பர்காரரிடம் போவதற்கு முன் கேட்க வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நோட்டு கிடைத்தால் முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள். கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், சுற்றும்போதே ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு ஒரே தடவை ஓட்டி, அந்தத் தடவையே காப்பி எடுத்துவிட வேண்டும்.

லேபிளில் 2004 என்று எழுதியது ஏதாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வியாசர்பாடிக்கு வருகிறேன்.