லியோன் நகரின் பழைய பெயர்: கேள்வி பதில்

பிரான்சில் ரோன், சோன் ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது லியோன். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் லுக்தூனும். அந்தப் பெயர் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ரோமானியர் நிறுவிய ஊருக்குக் கெல்தியப் பெயர் (பழைய ஐரோப்பியக் கெல்த் மக்களின் மொழிப் பெயர்) எப்படி?

கி.மு. 43இல் ரோமத் தளபதி முனாத்தியுஸ் பிளாங்குஸ் அங்கே குடியேற்றம் அமைத்தபோது சூட்டிய அரசுப் பெயரில் 'கோப்பியா' உண்டு. வளம் என்று பொருள். ஆனால் மக்கள் நாவில் நின்றது காலியர், அதாவது அந்நாளில் பிரான்சில் வாழ்ந்த கெல்தியர், சொன்ன பெயர்தான். அதில் லத்தீனின் பங்கு கடைசி 'உம்' மட்டுமே.

கேள்வி: பிரித்துச் சொல்லுங்களேன் ஐயா.

பின்பாதியில் சிக்கல் இல்லை. 'தூனோன்' என்றால் அரண், அரண் உள்ள மேடு. பிரான்சின் வெர்தன் ஊர்ப் பெயரின் வாலும் இதுவே. அங்குள்ள ஓத்தன் ஊரின் பழைய பெயர் அகுஸ்தோதூனும்: தலை ரோமப் பேரரசர் அகுஸ்துஸ், வால் காலியர் மொழி! முன்பாதியில்தான் சண்டை. லுகுஸ் என்ற கெல்தியத் தெய்வத்தின் பெயர் என்பதே பலர் ஏற்கும் விளக்கம். அயர்லாந்துக் கதைகளில் வரும் வீரன் லூ இவருக்கு உறவு.

கேள்வி: காக்கை மலை என்று படித்தேனே?

பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பெயரில் உலவும், அவர் எழுதாத ஒரு நூல் அப்படிச் சொல்கிறது. அடித்தளம் தோண்டும்போது காக்கைகள் வந்து மரங்களை மூடினவாம். கதை அழகு, அவ்வளவுதான். கெல்திய மொழிகளான ஐரிஷ், வெல்ஷ் இரண்டிலும் அண்டங்காக்கை 'பிரான்'. 'லுகு'வோடு ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: லத்தீனில் 'லூக்ஸ்' என்றால் ஒளி. அப்போது ஒளிமலை?

9ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவரும் அப்படித்தான் எழுதினார். ஆனால் ரோமத் தலைவர் மார்க் ஆண்டனி அங்கே அடித்த சிறு வெள்ளிக்காசைப் பாருங்கள்: நடக்கும் சிங்கம், கூடவே 'லுகுதூனி' என்ற எழுத்துகள். நடுவில் 'கு' தெளிவாக இருக்கிறது. பிறகுதான் அது தேய்ந்து 'லுக்தூனும்' ஆனது. 'லூக்ஸ்' அங்கே நுழைய இடமில்லை.

கேள்வி: சிங்கமா! அப்போது லியோன் என்பதே சிங்கத்திலிருந்துதானே?

அவசரப்படாதீர்கள். காசில் சிங்கம் நின்ற நாளில் ஊர்ப்பெயருக்கும் சிங்கத்துக்கும் ஒலி ஒற்றுமையே கிடையாது. பல நூற்றாண்டு கழித்து நடு மெய்கள் உதிர்ந்து லியோன் ஆனது. நகரச் சின்னத்துச் சிங்கம் அந்த ஒலியை வைத்து ஆடிய சிலேடை.

கேள்வி: நெதர்லாந்தில் அச்சான பழைய நூல்களிலும் இந்தப் பெயர் வருகிறதே, அண்ணா?

'லுக்தூனி பதாவோரும்' என்று இருந்தால் அது நெதர்லாந்து நகரமான லைடன். ரைன் முகத்துவாரத்தில், இன்றைய காட்வைக் அருகே இருந்த ஒரு பழைய ஊரின் பெயரை லைடன் அறிஞர்கள் தம் ஊருக்கு எடுத்துக்கொண்டார்கள். நூலகப் பட்டியலில் அதை லியோன் என்று ஏற்றிவிடாதீர்கள்.