சாப்பிட மறுக்கும் அனோரெக்சியா நோய் அம்மாவின் வளர்ப்பால் வருவதா? சிகிச்சை உண்டா?

பதினாறு வயதுத் தங்கை மாதக்கணக்காகச் சாப்பாட்டைக் குறைத்து எலும்பும் தோலுமாகிவிட்டாள், டாக்டர் அனோரெக்சியா என்கிறார், சொந்தக்காரர்களோ "அம்மா வளர்த்த லட்சணம்" என்கிறார்கள், இது எதனால் வருகிறது, குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "வளர்த்த லட்சணம்" என்ற இடத்தைப் படித்த பிறகு என்னால் பேசாமல் போக முடியவில்லை. என் மனைவி அதே வார்த்தையைக் கேட்டிருக்கிறாள். சொன்னது என் கூடப்பிறந்த அக்கா. அப்போது எங்கள் பெண் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸோடு படுத்திருந்தாள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பால் இந்த நோய் வருவதில்லை. இன்றைக்கே உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், இரவு தூங்கட்டும்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவன். "படிக்காதவன் மருத்துவம் பேசுகிறான்" என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். எங்களுக்குப் பார்த்த மனநல டாக்டரம்மா படிக்கச் சொன்னவற்றை மச்சினன் மகனை உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிப் படித்தேன். புரியாததை அடுத்த முறை போகும்போது டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவற்றில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை, ஒரு காலத்தில் நிபுணர்களே அப்படித்தான் எழுதினார்கள். 1978-ல் அமெரிக்காவில் சால்வடோர் மினூச்சின் என்ற குடும்ப சிகிச்சை நிபுணரும் அவர் குழுவினரும், இந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிப் போக்கு இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள், சண்டையை வெளியே காட்டமாட்டார்கள், ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் மூக்கை நுழைப்பார்கள் என்றெல்லாம். கண் முன்னே பிள்ளை சாப்பிடாமல் கரைந்துகொண்டிருந்தால் எந்த வீடும் அப்படித்தானே ஆகும்? நோயால் வந்ததை நோய்க்குக் காரணமாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அப்படி ஒரு தனிக் குடும்ப வார்ப்பு தெளிவாகக் கிடைக்கவில்லை. இந்தத் துறை நிபுணர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஃபார் ஈட்டிங் டிசார்டர்ஸ், குடும்பத்தை மூலகாரணமாகக் காட்டும் எந்த விளக்கத்தையும் ஏற்க முடியாது என்று 2010-ல் அறிக்கையே வெளியிட்டது. அது எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் வரை இன்னும் வந்து சேரவில்லை.

என் பெண்ணுக்கு இது ஆரம்பித்தது மஞ்சள்காமாலையில். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, கீழாநெல்லி, மோர் என்று பத்தியம். காமாலை இறங்கியது, பத்தியம் இறங்கவில்லை. "எனக்கு இதுதான்ப்பா ஒத்துக்குது" என்றாள். தோசையை டிஷ்யூ பேப்பரில் வைத்து ஒற்றி எண்ணெய் எடுப்பாள். ஒரு இட்லியைக் கடுகு அளவுக்குப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்வாள். கையில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் முளைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் நாள் முழுக்கச் சமையல் வீடியோதான் பார்ப்பாள். எங்களுக்கு பிரியாணி, பால்கோவா எல்லாம் தானே செய்து பரிமாறுவாள், நாங்கள் சாப்பிடுவதை ஆசையாகப் பார்ப்பாள், ஒரு பருக்கை தொடமாட்டாள்.

எத்தனை கிலோ இறங்கினாள் என்று எழுதமாட்டேன். இதைப் படிக்கும் பிள்ளைகளில் யாராவது அந்த எண்ணைப் போட்டியாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு "திமிர்", "கவனம் இழுக்கிறாள்", "காத்து கருப்பு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டரம்மா மட்டும்தான் மினசோட்டா ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடியும் நேரம், 1944 நவம்பர். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று கண்டுபிடிக்க, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் கொடுக்காது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனசும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக் கேலரிக்கு அடியில் இருந்த அறைகளில் தங்க வைத்தார்கள். முதல் 12 வாரம் வயிறார சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் சுமார் பாதி. உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ், மக்ரோனி. வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால்வாசி போய்விட்டது.

எடை இறங்கியதைவிட அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னை உலுக்கியது. சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்காக வைத்துச் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகம் வாங்கிச் சேர்த்தார்கள். கோடையிலும் குளிருது என்று கம்பளி கேட்டார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிரிப்பையே மறந்தார்கள். ஒருவர் கோடாரியால் தன் கைவிரல்கள் மூன்றைத் துண்டித்துக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரா, கைதவறியதா என்று அவராலேயே பிற்பாடு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முழுச் சாப்பாடு திரும்பிய பின்னும் பலருக்கு மனசு பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. 1950-ல் கீஸ் குழுவினர் இதை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அந்த 36 ஆண்பிள்ளைகளையும் எந்த அம்மா கெடுத்து வளர்த்தாள்? இந்த ஒரு கேள்வியைத்தான் என் அக்காவிடம் கேட்டேன். பட்டினியே மூளையை அப்படி ஆக்குகிறது. உங்கள் தங்கை கோபப்படுவதும், அழுவதும், பொய் சொல்லித் தட்டைக் காலி செய்வதும் பெரும்பாலும் பசித்த மூளை செய்கிற வேலை. முதலில் சாப்பாடு உள்ளே போகவேண்டும், அறிவுரை எல்லாம் அப்புறம்.

அப்படியானால் பத்தியம் இருக்கிற எல்லாருக்கும் இது ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மினசோட்டா இளைஞர்கள் பசியை வெறுத்தார்கள், எப்போது சோறு கிடைக்கும் என்று ஏங்கினார்கள். என் பெண்ணுக்கு சாப்பிடாமல் இருந்தால்தான் மனசு அமைதியாக இருந்தது. இந்த வித்தியாசத்துக்குப் பிறவிக்கூறு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்த நோய் ஒருவருக்கு வருவதில் பாதிக்கு மேல் மரபணுவின் பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2019-ல் சிந்தியா பியூலிக், ஜெரோம் பிரீன் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுவை மற்றவர்களோடு ஒப்பிட்டு, 8 இடங்களில் நோயோடு தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதில் மனநோய்களோடு பொதுவான கூறுகள் மட்டும் இல்லை, உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள கூறுகளும் இருந்தன. மனநோய் என்ற ஒரே பெட்டிக்குள் இதை அடைக்க முடியாது என்று அதன்பிறகு சொல்கிறார்கள்.

"செல்போன் வந்ததால்தான்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபிஜித் தீவில் 1995-ல் ஒரு பகுதிக்கு டிவி வந்தபோதும், மூன்று வருஷம் கழித்து 1998-லும் ஆன் பெக்கர் என்பவர் பள்ளிப் பெண்களிடம் ஆய்வு செய்தார். முன்பு எடை குறைப்பதற்காக வாந்தி எடுத்தவர் யாரும் இல்லை. பின்பு 11 சதவீதம் பேர் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 1689-லேயே ரிச்சர்ட் மார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர், வேறு நோய் எதுவும் காணாமல் சாப்பிடாமலே மெலிந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியும் ஒரு பையனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அப்போது ஏது செல்போன்? அதோடு, நம் நாட்டில் "குண்டாகிவிடுவேன்" என்ற பயமே இல்லாமலும் இது வருகிறது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 1995-ல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி அப்படித்தான் எழுதினார்கள். என் பெண்ணும் ஒரு நாளும் குண்டு என்று சொன்னதில்லை. "வயிறு நெறஞ்சே இருக்கு, செரிக்கல" என்பாள். அதனாலேயே வயிற்று டாக்டர்களிடம் ஸ்கோப், ஸ்கேன் என்று காசும் காலமும் போனது. உங்கள் தங்கையும் இப்படிச் சொன்னால் "அப்போ இது அனோரெக்சியா இல்லை" என்று யாரையும் முடிவுகட்ட விடாதீர்கள்.

இனி சிகிச்சை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரொம்ப மெலிந்த பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்துவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடசடவென்று இறங்கி இதயமே நின்றுவிடலாம். போர்க் காலத்தில் விடுதலையான பட்டினிக் கைதிகள் சிலர் சாப்பிட்ட பிறகு செத்திருக்கிறார்கள். மயக்கம், நாடி ரொம்ப மெதுவாக ஓடுவது, நெஞ்சுப் படபடப்பு, நிற்க முடியாமை இருந்தால் அட்மிஷன்தான். எங்கள் பெண்ணுக்கு முதலில் ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மெல்ல மெல்லத்தான் சாப்பாட்டைக் கூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் செய்ததுதான் குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 1987-ல் அவர்கள் 80 நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்று வருஷம் தாண்டாதவர்களுக்குத் தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே நல்ல பலன் தந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் குழுவினர் 121 வளரிளம் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது குடும்பம் சார்ந்த முறையில் 49 சதவீதம் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள், தனிச் சிகிச்சையில் 23 சதவீதம். பாதிப் பேருக்கு முழுக் குணம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அந்த முறையில் முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்று பிள்ளை முடிவு செய்வதில்லை. பெற்றோர்தான் முடிவு செய்வார்கள். காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையிடம் எந்த மாத்திரை வேண்டும் என்று கேட்பதில்லையே. காலை, மதியம், இரவு, இடையில் சிற்றுண்டி, எல்லாவற்றுக்கும் நானோ மனைவியோ கூடவே உட்கார்ந்தோம். ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கும்போதும் மதியம் கம்பெனியை கட்டிங் மாஸ்டரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

"அப்பா, இதுல நெய் ஊத்திருக்கீங்களா?"

"ஊத்தியிருக்குது கண்ணு. சாப்பிடு."

"என்னால முடியாதுங்ப்பா. நீங்க எந்திரிச்சுப் போங்க."

"நான் இங்கதான் சாமி இருப்பேன். அடுத்த வாய் எடு."

வாக்குவாதம் செய்யக் கூடாது, கெஞ்சக் கூடாது, மிரட்டவும் கூடாது. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சாந்தமாகச் சொல்லவேண்டும். பருப்புசாதம் ஆறிப் பாறையாகிவிடும். அவள் அழுவாள், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள், கை நடுங்க ஒரு வாய் எடுப்பாள். என் மனைவி அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. அவளைத்தான் வளர்க்கத் தெரியாதவள் என்றார்கள்.

எடை ஏற ஏறச் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். அது இரண்டாவது கட்டம். படிப்பு, சிநேகிதிகள், வயதுக்குரிய மற்ற கவலைகளைப் பேசுவது மூன்றாவது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பரீட்சை நேரத்தில் மட்டும் தட்டு கொஞ்சம் குறைகிறதா என்று இன்றும் கவனிக்கிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், நெஞ்சில் கிடக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவக் காப்பீட்டில் விண்ணப்பித்தபோது, "மனநோய் பாலிசியில் அடங்காது" என்று ஒரு வரி பதில் அனுப்பினார்கள். வருஷா வருஷம் பிரீமியம் கட்டியவன் நான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-ல் எல்லா நிறுவனங்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. கவுன்டரில் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அவருடைய மேலாளருக்கும் தெரியவில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரை போன பிறகுதான் பணம் வந்தது. உங்களுக்கும் மறுத்தால் அந்தச் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் காரணம் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி வீடு திரும்பாதீர்கள்.

மருந்து பற்றி: அனோரெக்சியாவைக் குணப்படுத்துவதாக நிரூபணமான மாத்திரை இதுவரை இல்லை. கூடவே இருக்கும் பதற்றம், மனச்சோர்வுக்கு டாக்டர் ஏதாவது எழுதலாம். நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா வேறு. அதற்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்தும், ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த பேச்சு சிகிச்சையும் உதவுகின்றன. தங்கை சாப்பிட்டதும் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அப்போது பொட்டாசியம் பார்க்கவேண்டும்.

இந்த நோயைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவோடு அப்பாவையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். தங்கையோடு மூன்று வேளையும் யார் உட்காருவது என்பதை அங்கேயே, டாக்டர் முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள்.