சின்ன ‘சி’யா, பெரிய ‘சி’யா?

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. ஒரு மருந்துக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலை என்கிரிப்ட் செய்து வைக்கும் புரோகிராமைப் பைதானில் எழுதுகிறேன். சீனியர் கொடுத்த கோடின் முதல் வரியே ‘கிரிப்டோ’விலிருந்து ஏ.இ.எஸ். என்ற என்கிரிப்ஷன் முறையை இம்போர்ட் செய்கிறது. பைதான் நூலகங்களை இறக்கும் பிப் கருவியில் ‘பிப் இன்ஸ்டால் கிரிப்டோ’ கொடுத்தேன், நன்றாகவே ஏறியது. ஓட்டினால் ‘கிரிப்டோ என்று மாட்யூலே இல்லை’ என்கிறது. பைகிரிப்டோ என்ற இன்னொரு நூலகத்தையும் போட்டுப் பார்த்தேன். விஷுவல் சி பிளஸ் பிளஸ் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குச் சிவப்பு எழுத்து வந்து நின்றுவிட்டது. ‘கிரிப்டோ’ ஃபோல்டரின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்தைச் சின்ன ‘சி’யிலிருந்து பெரிய ‘சி’யாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றட்டுமா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: மாற்ற வேண்டாம், தங்கச்சி. உங்கள் கணினியில் மாற்றினாலும் ஓடாது. நீங்கள் இறக்கியது வேறொரு பொருள். பிப் கடையில் ‘கிரிப்டோ’ என்ற பெயரில் இருப்பது, ஜி.பி.ஜி. என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் வழியாக ஃபைல்களைப் பூட்டித் திறக்கும் சின்னக் கட்டளைக் கருவி. உங்கள் சீனியரின் கோடு கேட்கும் ஏ.இ.எஸ். மாட்யூல் அதில் கிடையாது. கடையில் எந்தப் பெயரைச் சொல்லி வாங்குகிறோமோ அதே பெயரில்தான் இம்போர்ட் செய்ய வேண்டும் என்று பைதானில் கட்டாயமில்லை. இந்தக் குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் பெயரை மாற்றிய பலருக்கு எப்படி ஓடியது? அவர்கள் முதலில் ‘கிரிப்டோ’வைப் போட்டிருப்பார்கள். பிப் நூலகங்களைப் போட்டுவைக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் சின்ன ‘சி’யில் ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். பிறகு சரியான நூலகத்தைப் போட்டிருப்பார்கள். அதற்கு வேண்டியது பெரிய ‘சி’. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால், புது ஃபைல்களையும் பழைய ஃபோல்டருக்குள்ளேயே கொட்டிவிடும். பைதானோ எழுத்தின் அளவைப் பார்க்கும், ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லிவிடும். பெயரை மாற்றியதும் உள்ளே கலந்து கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கிளினிக்குக்கு நோயாளிகள் பட்டியலைப் பூட்டி வைக்க எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தேன், மாற்றியதை மறந்தும் விட்டேன். ரிசப்ஷன் கணினியில் காலை எட்டரைக்கு அதே பிழை. வெளியே டோக்கன் வாங்க ஆட்கள் நிற்க, அந்தப் பெண் என்னிடம் போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். கையால் மாற்றிய பெயர் எந்தப் பட்டியலிலும் பதிவாகாது. அடுத்த கணினிக்கு அது கூடவே வராது.

பைகிரிப்டோவையும் விட்டுவிடுங்கள். அதன் கடைசி வெளியீடான 2.6.1 வந்தது 2013 அக்டோபரில். பின்னால் அதில் நினைவகம் வழிந்தோடும் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் அதை அடைத்துப் புது வெளியீடு வரவேயில்லை. விஷுவல் சி பிளஸ் பிளஸ் கருவிகளை மணிக்கணக்கில் இறக்கினாலும் நிம்மதி கிடைக்காது. பைதான் 3.8இல் நீக்கப்பட்ட ‘டைம்.கிளாக்’ ஃபங்ஷனை அந்தப் பழைய கோடு இன்னும் தேடிக்கொண்டிருக்கும். நோயாளியின் பெயரும் மருந்தும் உள்ள பட்டியலைப் பராமரிப்பே இல்லாத பூட்டை நம்பி வைக்கக் கூடாது.

உங்களுக்கு வேண்டியது பைகிரிப்டோடோம். பைகிரிப்டோவிலிருந்து கிளை பிரிந்து வளர்ந்தது, இன்றும் பராமரிக்கப்படுகிறது. பெரிய ‘சி’ கிரிப்டோ என்ற அதே இம்போர்ட் பெயர்தான், அதனால் சீனியரின் முதல் வரியைத் தொட வேண்டியதில்லை. கிரிப்டோ, பைகிரிப்டோ, பைகிரிப்டோடோம் மூன்றையும் பிப் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சைட்-பேக்கேஜஸைத் திறந்து, அந்தப் பெயரில் ஃபோல்டர் மிச்சமிருந்தால் அழியுங்கள். புராஜெக்டுக்கென்று தனியாக ஒரு வென்வ் (மற்ற நூலகங்களோடு கலக்காத தனிப் பைதான் சூழல்) உருவாக்கி, அதற்குள் ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் பைகிரிப்டோடோம்’ என்று கொடுங்கள். வெறும் ‘பிப்’ என்று தொடங்காமல் இப்படிக் கொடுத்தால், நீங்கள் ஓட்டும் அதே பைதானுக்குள்தான் நூலகம் போய்ச் சேரும். விண்டோஸுக்குத் தயாராகக் கம்பைல் செய்த கோப்பே கிடைப்பதால் சிவப்புப் பக்கம் வராது. கடைசியாக ‘பைதான் -எம் கிரிப்டோ.செல்ஃப்டெஸ்ட்’, இங்கே பெரிய ‘சி’. நூலகம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய கோடுகளில் பெரும்பாலும் ‘மோட் இ.சி.பி.’ என்று இருக்கும். சீனியரின் கோடில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.இ.எஸ். தரவை 16 பைட் துண்டுகளாக எடுத்துப் பூட்டுகிறது. இ.சி.பி.யில் ஒரே சாவிக்கு ஒரே துண்டு எப்போதும் ஒரே மாதிரிதான் வெளிவரும். கிளினிக் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. ஒரு வரிக்கு 16 பைட், எந்த எழுத்தும் புரியவில்லை. ஆனால் அதே வரி கொஞ்சம் தள்ளி மறுபடி, இன்னும் தள்ளி மறுபடி. நிரப்பாமல் விட்ட முகவரிக் கட்டங்களில் இருந்த வெற்றிடங்கள் அவை. சாவி இல்லாமலே யார் முகவரி கொடுக்கவில்லை என்று என்னால் எண்ண முடிந்தது. அன்று இரவே எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன்.

நீங்கள் ஜி.சி.எம். முறையை எடுங்கள். நான்ஸ் (ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மதிப்பு), டேக் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் முத்திரை), பூட்டிய தரவு, மூன்றையும் சேர்த்துச் சேமியுங்கள். நான்ஸை நீங்கள் கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் நூலகமே புதிதாக உருவாக்கட்டும். ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் திரும்ப வந்தால் பாதுகாப்பு உடைந்துவிடும். திறக்கும்போது ‘டிகிரிப்ட் அண்ட் வெரிஃபை’ பயன்படுத்தினால், நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். கடைக்காரரின் கடவுச்சொல்லை அப்படியே சாவியாக வைக்காதீர்கள். கடவுச்சொல்லிலிருந்து சாவி உருவாக்கும் எஸ்கிரிப்ட் முறை வழியாக, சால்ட் (தற்செயலாக எடுத்த கூடுதல் பைட்டுகள்) சேர்த்து, சாவியை வருவித்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி: உபுண்டு உள்ள பழைய கணினியில் ‘கிரிப்டோகிராஃபி’ என்ற பைதான் நூலகத்தைப் போட்டால் ரஸ்ட் கம்பைலர் இல்லை என்று நிற்கிறது. பைதான் நூலகத்துக்கு ரஸ்ட் எதற்கு? அதையும் படிக்க வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: படிக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் வந்த 3.4 வெளியீட்டிலிருந்து, அதன் மூலக் கோடை நம் கணினியிலேயே கம்பைல் செய்து கட்டுவதற்கு ரஸ்ட் என்ற நிரல் மொழியின் கம்பைலர் தேவைப்படுகிறது. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் நூலகத்தையும் உள்ளே வைத்து, தயாராகக் கம்பைல் செய்த ‘வீல்’ என்ற கோப்பையே தருகிறார்கள். பழைய பிப்புக்கு அந்த வீலின் பெயரைப் படிக்கத் தெரியாது, அதனால் மூலக் கோப்பை இழுத்துவந்து கட்டப் பார்க்கிறது. வென்வுக்குள் போய் முதலில் ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்’ கொடுங்கள், பிறகு நூலகம். பைதானே மிகப் பழையதாக இருந்தால், அதைப் புதுப்பித்துவிட்டுத் தொடங்குங்கள்.