இரண்டு லட்சம் கட்டுவதற்கு முன், ஒரு நுழைவுத் தேர்வு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆக்சுவரி ஆகவேண்டும் என்கிறாள். பயிற்சி நிலையத்தில் இரண்டு லட்சம் கேட்கிறார்கள். காலேஜை விட்டுவிட்டு இதில் சேர்க்கலாமா?

பதில்: பணத்தை இப்போது கட்டாதீர்கள். காலேஜையும் விடவேண்டாம்.

ஆக்சுவரி என்றால் எதிர்காலத்தில் வரக்கூடிய இழப்பைக் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணித்துச் சொல்பவர். அது கல்லூரி தரும் பட்டமில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தேறவேண்டும். முதல் படி ‘ஏசெட்’ நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம். தேறினால் மூன்று ஆண்டுகளுக்குள் கழகத்தில் மாணவராகச் சேரலாம். அதன்பின் பதின்மூன்று தாள்கள் வரை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்கு ஏழெட்டு வருடம் ஆவது சாதாரணம். நடுவில் நின்றுபோகிறவர்களும் நிறைய. அதனால்தான் கையில் ஒரு பட்டம் இருக்கட்டும் என்கிறேன். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே முதல் இரண்டு மூன்று தாள்களை எழுதலாம். அந்தத் தாள்களோடு போனால்தான் நிறுவனங்களும் வேலைக்குப் பார்க்கும்.

வேலை என்னவென்று மகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். நாற்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேர், ஆளுக்கு 5 லட்சம் காப்பீடு. வருடத்தில் இருவர் இறப்பார்கள் என்று வைத்தால் 10 லட்சம் வேண்டும். தலைக்கு 1,000 ரூபாய். இது எளிய கணக்கு, ஏனென்றால் ஒருவர் சாவு இன்னொருவரைத் தொடுவதில்லை. நம் மலை வீடுகளுக்கு இதே கணக்கைப் போட்டால் கவிழ்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மண் சரிந்தால் ஒரு வீடு போகாது, வரிசையே போகும். பத்து வருடம் ஒன்றுமில்லாமல் இருந்து, ஒரே இரவில் எல்லோரும் இழப்பீடு கேட்டு நிற்பார்கள். சராசரி அங்கே உதவாது. அந்த இரவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணித்துச் சொல்வதுதான் ஆக்சுவரியின் முக்கியமான வேலை. மழையை நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும் என்று நம்புகிறேன்.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். ஃபேக்டரியில் பச்சைத் தேயிலைக்குக் கொடுத்த விலையை இரண்டு வருடத்துக்கு மாதவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் (விலை சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) போட்டு, அடுத்த ஆறு மாதத்தில் விலை எவ்வளவு கீழே போகலாம் என்று காரணத்தோடு சொல்லட்டும். ரசித்துச் செய்தால் இந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்தும். சலிப்பாகச் செய்தால் மீண்டும் யோசியுங்கள். இதில் பல வருடம் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும்.

இன்னொன்று: படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் வேலை பெரும்பாலும் மும்பை, பெங்களூரு, குருகிராம், சென்னையில்தான். அதை இப்போதே மகளோடு பேசிவிடுங்கள். ஏசெட் தேறிய பிறகு, ஒரு தாளில் திணறுகிறாள் என்றால் அந்தத் தாளுக்கு மட்டும் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்.