ஊசிக்கு முன்னால் ரசீது

கே: முழங்கால் வலிக்கு முதல்முறையாக அக்குபஞ்சர் போகப்போகிறேன். ஆளை எப்படி நம்புவது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

ப: சுவரில் தொங்கும் சான்றிதழை விடுங்கள் அம்மா, பதிவு எண்ணைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் அக்குபஞ்சர் செய்பவர் 1982ஆம் ஆண்டின் 63ஆம் சட்டப்படி அமைந்த துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். மன்றத்திடமே விசாரிக்கலாம். மெடிக்கல் எய்டில் (மருத்துவச் செலவுக் காப்பில்) பணம் கேட்பதென்றால் ரசீதில் பிராக்டிஸ் நம்பர் இருக்கிறதா பாருங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும்; ஒருமுறை குத்தியது குப்பைக்குத்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாலோ இதயத்துடிப்புக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கே: வலிக்குமா?

ப: ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கனம்தான். பில் வலிக்கலாம்.

கே: டர்பனில் ஒரு மாலில் நடந்துபோனபோது நிறுத்திப் பேசி, ‘இன்று மட்டும் சலுகை’ என்று 10 சிட்டிங்குக்கு 4,500 ரேண்ட் கார்டில் வாங்கிவிட்டார்கள். மூன்று நாளாகிறது, இன்னும் போகவில்லை. பணம் திரும்ப வராதாம்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

ப: வரும் ஐயா. இன்றே எழுதுங்கள். வழியில் மடக்கி விற்றதை 5 வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. வாய்ச்சொல் போதாது, மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் 15 வேலை நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார்.

இந்த ‘பேக்கேஜ்’ வியாபாரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு கேட்குமா என்று முதல் சிட்டிங்கில் ஊசி போடுபவருக்கே தெரியாது. பத்துக்கும் காசை முன்கூட்டி வாங்குவது எந்த வைத்தியம்? மூன்று நான்கு முறை பார்த்து, குணம் தெரிந்தால் அப்போதைக்கப்போது கொடுங்கள். முதுகுவலிக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாமென்று 2016இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு சொன்னது. 2021இல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. நிபுணர்களே இப்படி அளந்து பேசுகையில் மால் பையன் கியாரண்டி தருகிறான்! நானும் அப்படியொரு பேச்சில் மயங்கி வாங்கிய கால் அமுக்கும் மெஷின்மேல் இப்போது செருப்பு அடுக்குகிறோம்.

கே: அக்குபஞ்சர் ஊசி சர்க்கரையைத் தீர்க்கும் என்றார் அதைப் போடுபவர். மாத்திரையை நிறுத்திவிட்டேன். தவணையில் கட்டலாமா?

ப: தவணையா? முதலில் உங்கள் டாக்டரிடம் ஓடுங்கள். இன்றைக்கே.

கே: பிசியோதெரபிஸ்ட் ‘டிரை நீடிலிங்’ செய்தார். அதுவும் அக்குபஞ்சரா?

ப: ஊசி அதேதான், குத்துவது இறுகிய தசை முடிச்சில். பிசியோ பதிவு வேறு மன்றத்தில், பட்டியல் மாற்றித் தேடாதீர்கள்.