ப்ராட்ஹெட் இடப்பக்கம் போகிறதா? முனையை மாற்றும் முன் வில்லைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடமாக வில் பழகுகிறேன். இந்த ஆண்டு முதல் முறையாக மான் வேட்டைக்குப் போக உரிமம் எடுத்திருக்கிறேன். என்னுடையது 60 பவுண்டு காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), 410 கிரெயின் (அம்பு, முனைகளுக்கான எடை அளவு) அம்பு, வேகம் நொடிக்கு 265 அடி. பயிற்சி முனையோடு 30 கஜத்தில் மூன்று அம்பும் ஒரு உள்ளங்கைக்குள் விழுகின்றன. அதே எடையில் மூன்று கத்தி ப்ராட்ஹெட் (வேட்டைக்கான கத்தி முனை) மாட்டினால் ஐந்தாறு அங்குலம் இடப்பக்கம் போகிறது. கடைக்காரர், “விரியும் முனை வாங்குங்கள், சரியாகிவிடும்” என்கிறார். எதை வாங்குவது, வீட்டில் எப்படிச் சோதிப்பது? 40 பவுண்டு வில்லோடு என் மனைவியும் வரப்போகிறார். அவருக்கும் அதே முனை போதுமா?

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி. விரியும் முனை (மடங்கிய கத்திகள் பட்டதும் விரிவது) மாட்டினால் அம்பு அநேகமாகப் பயிற்சி முனை விழுந்த இடத்திலேயே விழும். ஆனால் அம்பு கோணலாகப் போவது நிற்காது, நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பயிற்சி முனை ஒரு சின்னக் குமிழ் மாதிரி. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பின்னால் உள்ள இறகுகள் அதை நேராக்கிவிடும். ப்ராட்ஹெட்டில் முன்பக்கமும் மூன்று கத்தி இருக்கிறது, அதுவும் இறகுதான். சாய்ந்து கிளம்பும் அம்பை முன் இறகு ஒரு பக்கம் இழுக்கும், பின் இறகு மறுபக்கம் இழுக்கும். நீங்கள் பார்க்கிற அந்த ஐந்தாறு அங்குலம் இந்த இழுபறியின் அளவு. விரியும் முனையின் கத்திகள் மடங்கியிருப்பதால் சண்டை நடப்பதில்லை. ஆனால் சாய்ந்து போய்ப் படும் அம்பு, பட்ட கணத்தில் தன் வலுவில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் வளைவதிலேயே செலவழித்துவிடும். உள்ளே போகவேண்டிய ஆழம் குறையும். ஆக, அந்த மூன்று கத்தி முனை உங்கள் வில்லில் இருக்கும் ஒரு கோளாறைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அம்பைப் பாருங்கள். முனையை மாட்டி, இரண்டு உருளைகள் வைத்த ஸ்பின்னரில் அம்பைச் சுழற்றுங்கள். முனையின் நுனி ஒரே புள்ளியாக நின்றால் நல்லது. பம்பரம் சாயும்போது ஆடுகிற மாதிரி நுனி வட்டம் போட்டால், முனை அம்போடு நேராக உட்காரவில்லை. பெரும்பாலும் குற்றம் முனையில் இருக்காது. அம்புத் தண்டை வெட்டிய விளிம்போ, அதற்குள் ஒட்டிய இன்சர்ட்டோ (முனையைத் திருகும் குழல்) கோணலாக இருக்கும். அதே முனையை வேறு அம்பில் மாட்டிப் பாருங்கள், எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். தண்டின் முனையைச் சதுரமாகத் தேய்க்க ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். நான் ஒரு டஜன் அம்பு வாங்கினால், இந்தச் சோதனையில் தேறும் எட்டு ஒன்பதை மட்டும் வேட்டைக்கு வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு அம்புக்கும் எண் எழுதிவிடுங்கள். தினமும் 4-ஆம் எண் மட்டும் தனியாகப் போனால் அதை ஒதுக்குவது சுலபம்.

அடுத்து, இறகு ரெஸ்ட்டில் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) உரசுகிறதா? இறகின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி ஒரு அம்பு விட்டுப் பாருங்கள். ரெஸ்ட்டிலோ நாண் கம்பியிலோ சிவப்பு ஒட்டியிருந்தால் உரசல்தான். (உங்கள் மனைவியின் அனுமதியோடு செய்யுங்கள்.) பிறகு உங்கள் பிடி. வில்லை இறுக்கிப் பிடித்தால் அம்பு கிளம்பும் கணத்தில் மணிக்கட்டு வில்லைத் திருப்பும். புதிதாகப் பழகுகிறவர்களின் இட-வலப் பிழையில் பெரும்பகுதி இதுதான் என்பது என் அனுபவம். பிடி பெருவிரல் மேட்டில் உட்கார வேண்டும், மற்ற விரல்கள் சும்மா தொங்கட்டும்.

இவை சரியாக இருந்தும் ப்ராட்ஹெட் இடப்பக்கம் போனால் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். விதி எளிது: ப்ராட்ஹெட் எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்துங்கள். உங்களுக்கு இடப்பக்கம் விழுகிறது, அதனால் ரெஸ்ட் வலப்பக்கம் போகவேண்டும். கீழே விழுந்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மேல்-கீழ் பிழை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு இட-வலத்துக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் குழம்பிப் போவீர்கள். 20 கஜத்தில் மூன்று பயிற்சி முனை, மூன்று ப்ராட்ஹெட். ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி வைத்து எய்யுங்கள். ஒரே புள்ளியில் எய்தால் கத்தி முந்தைய அம்பின் இறகைச் சீவிவிடும், செலவு உங்களுக்குத்தான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு 30, 40 கஜத்துக்குப் போங்கள். சைட்டை (குறிபார்க்கும் பாகம்) நகர்த்துவது எல்லாம் முடிந்த பிறகுதான். பலர் ப்ராட்ஹெட்டுக்காக முதலிலேயே சைட்டை நகர்த்தி, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்பு கோணலாகவே பறந்துகொண்டிருக்கும்.

ரெஸ்ட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியும் சேரவில்லை என்றால், அம்பின் ஸ்பைன் (தண்டின் விறைப்பு) உங்கள் வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 100 கிரெயின் முனையிலிருந்து 125-க்குப் போனால் அம்பு இன்னும் அதிகமாக வளையும் என்பதையும் நினைவில் வையுங்கள். முனையின் எடையை மாற்றினால் இந்தச் சோதனை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

சரி, இப்போது எதை வாங்குவது?

சட்டத்தில் தொடங்குவோம். டெக்சஸில் ப்ராட்ஹெட் படும்போது குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு குறைந்தது இரண்டு. விரியும் முனை, பட்டதும் விரியத் தொடங்க வேண்டும், விரிந்தபின் அதே 7/8 அங்குலம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான முனைகள் இதைத் தாண்டிவிடும். வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த மாநிலத்தின் விதியைப் படியுங்கள், ஊருக்கு ஊர் மாறும். வில்லுக்கு மட்டுமான பருவத்தில் போவதென்றால் உரிமத்தோடு ஆர்ச்சரி எண்டார்ஸ்மெண்டும் (வில் வேட்டைக்கான கூடுதல் அனுமதி) வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைக் கல்விச் சான்றும் தேவை. இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் ஆசைப்பட வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் அகலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு கத்தியும் 2 அங்குல அகலமும் கொண்ட விரியும் முனை மொத்தம் 2 அங்குலம் வெட்டும். உங்களிடம் இருக்கும் மூன்று கத்தி முனை 1 1/8 அங்குலம் என்றால், மையத்திலிருந்து ஒவ்வொரு கத்தியும் 9/16 அங்குலம். மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 1.7 அங்குலம். அட்டைப்பெட்டி பார்த்தால் இரண்டு மடங்கு வித்தியாசம் போலத் தெரியும், கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை. அதோடு மூன்று கத்தி போட்ட ஓட்டை திறந்தே நிற்கும், ஒற்றைக்கோடாய் வெட்டிய காயம் மூடிக்கொள்ளப் பார்க்கும்.

அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இரத்தப்போக்கால்தான் மான் விழும். அதனால் உள்ளே போன அம்பு மறுபக்கம் வெளியே வருவது முக்கியம். மர மேடையிலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது வெளியேறும் ஓட்டை தாழ்வாக இருக்கும், இரத்தம் அதன் வழியாகத்தான் தரையில் சொட்டும், தடம் கிடைக்கும். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் பள்ளியில் படித்தோம். நமக்கு ஒரு மானைத் தாண்டினால் போதும்.

அதற்கு வலு இருக்கிறதா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுங்கள். உங்களுக்கு 64 அடி-பவுண்டு வருகிறது. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பட்டியல்படி மானுக்கு 25 முதல் 41, எல்க் (பெரிய மான் வகை), காட்டுப்பன்றி போன்றவற்றுக்கு 42 முதல் 65. மானைப் பொறுத்தவரை உங்கள் வில்லுக்கு எந்த முனையும் ஆகும். ஆனால் டெக்சஸில் மானுக்காகக் காத்திருக்கும்போது காட்டுப்பன்றி வந்து நிற்பது சகஜம். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த திசு இருக்கும். அதற்கும் சேர்த்து ஒரே முனை என்றால் நான் நிலைக்கத்தி முனையைத்தான் (கத்தி மடங்காதது) சொல்வேன். டெக்சஸின் மலைநாட்டுப் பக்கம் போனால் 1932-ல் கொண்டுவந்து விட்ட நம் ஊர்ப் புள்ளிமானையும் பார்ப்பீர்கள், அங்கே அதன் பெயர் ஆக்சிஸ். சத்தம் கேட்டால் அது வெள்ளைவால் மானைவிட வேகமாகத் துள்ளும் என்று அங்கே வேட்டையாடுகிறவர்கள் சொல்வார்கள்.

இப்போது வீட்டுச் சோதனை. யூடியூபில் சிமென்ட் கட்டியிலும் இரும்புத் தகட்டிலும் எய்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். மானுக்குள் சிமென்ட் இல்லை. நுரை இலக்கில் எவ்வளவு ஆழம் போனது என்று அளப்பதும் ஏமாற்றும். நுரை அம்புத் தண்டைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பிலோ இரத்தம் எண்ணெய் மாதிரி வழுக்கும். ஆழத்தை அளப்பதை விட்டு வேறு மூன்றைப் பாருங்கள்.

முதலாவது கூர்மை. ஒரு ரப்பர் பேண்டைச் சின்னச் சட்டத்தில் லேசாக இழுத்துக் கட்டி, கத்தியை அதன் மேல் மெதுவாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் நல்ல முனை. தள்ள வேண்டியிருந்தால் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்ததாயிருந்தாலும் தீட்ட வேண்டும். கூர்மை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷி 1911-ல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் வெளியே வந்தார். அவரிடம் வில் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி மான்தோல் போர்த்தி, எஃகு முனையையும் எரிமலைக் கண்ணாடியில் செதுக்கிய முனையையும் எய்து பார்த்தார். கண்ணாடி முனைதான் ஆழமாகப் போனது. நூறு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்தச் சோதனைதான் சிமென்ட் கட்டியைவிட அறிவுபூர்வமாகத் தெரிகிறது.

இரண்டாவது உறுதி. நுரை இலக்கின் முன் அரை அங்குல ப்ளைவுட் வைத்து ஒரு தடவை நேராக, ஒரு தடவை சாய்த்து வைத்து எய்யுங்கள். பின்னால் பாதுகாப்பான மண்மேடு இருக்கட்டும். எவ்வளவு தூரம் போனது என்பதை விடுங்கள். கத்தி வளைந்ததா, உடைந்ததா, எடுத்துச் சுழற்றினால் நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நிஜ விலங்குகளை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எட் ஆஷ்பியும் முனையும் அம்பும் உடையாமல் இருப்பதை முதலிலும், அம்பு நேராகப் பறப்பதை அதற்கடுத்தும்தான் வைத்தார். சோதித்த முனையை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது விரியும் முனைக்கு மட்டும். நுரைக்கு முன்னால் ஒரு அட்டையை ஒட்டி எய்து, அட்டையில் விழுந்த வெட்டைப் பாருங்கள். முழு அகலம் விழுந்திருந்தால் சரி. சின்ன ஓட்டை மட்டும் என்றால் கத்தி உள்ளே போனபிறகுதான் விரிகிறது, நுழைவாயில் சிறியதாக இருக்கும். கத்திகளைப் பிடித்திருக்கும் வளையத்தையும் பாருங்கள். ஒரு தடவை மேடையில் உட்கார்ந்து மானுக்கு நாணை இழுக்கும்போது என் முனையின் ஒரு கத்தி ஏற்கெனவே விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்புக்கூட்டின் நுரையில் குத்தி எடுத்ததில் வளையம் நழுவியிருக்கிறது. மான் போய்விட்டது, நல்லதுதான். அந்தக் கத்தியோடு எய்திருந்தால் காயம்பட்ட மானைத் தேடி இரவெல்லாம் அலைந்திருப்பேன்.

முனையைத் திருக எப்போதும் அதற்கான சாவியைப் பயன்படுத்துங்கள். விரலால் திருகிய நண்பருக்கு நான்கு தையல்.

தூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 30 கஜம் என்பது 90 அடி. உங்கள் அம்பு அங்கே போய்ச்சேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாணின் சத்தம் நொடிக்கு சுமார் 1,100 அடி வேகத்தில் போகிறது, 0.08 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். மீதிக் கால் நொடியில் மான் துள்ளத் தயாராகிக் கீழே அமிழும், அம்பு முதுகுக்கு மேலே போகும். முதல் வருடம் 20 கஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள்.

உங்கள் மனைவிக்கு வேறு முனை. 40 பவுண்டு வில்லில் 350 கிரெயின் அம்பு நொடிக்கு 205 அடி போகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 33 அடி-பவுண்டு. மானுக்குப் போதும், ஆனால் வீணாக்க ஒன்றும் இல்லை. விரியும் முனை, கத்தியைத் திறக்கவே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அவருக்கு நுனியிலிருந்தே வெட்டத் தொடங்கும், குறுகலான இரண்டு கத்தி முனை வாங்குங்கள். அகலம் ஒரு அங்குலம் போதும். அவர் வில்லையும் இதேபோல முதலிலிருந்து சோதியுங்கள். உங்கள் ரெஸ்ட் எத்தனை திருகு நகர்ந்ததோ அதையே அவர் வில்லிலும் வைத்துவிடாதீர்கள்.